பாலரட்டிலிருந்து அம்மாவுக்கு

பாலரட், விக்டோரியா, ஆஸ்திரேலியா
11 ஜூலை 2004

அன்புள்ள அம்மாவுக்கு,

நலம். உன் கடிதம் செவ்வாய்க்கிழமை வந்தது. "இருக்கியா, இல்லே உன் தாத்தா மாதிரி போயிட்டியா?" என்று முதல் வரியிலேயே கேட்டிருக்கிறாய். அண்ணி சிரித்துக்கொண்டேதான் எழுதியிருப்பாள். எனக்குச் சுருக்கென்று இருந்தது. பொங்கலுக்குப் பிறகு நான் எழுதவே இல்லை. போனில் ரெண்டு நிமிஷம் பேசியதெல்லாம் கணக்கில் வராது.

இங்கே குளிர்காலம். ராத்திரி வேலை முடிந்து வரும்போது புல்லெல்லாம் உப்புத் தூவினமாதிரி வெளுத்துக் கிடக்கும். மிதித்தால் அப்பளம் நொறுங்குகிற சத்தம். தேங்காய் எண்ணெய் கல்லாகிவிட்டது, இட்லி மாவு மூன்று நாளாகியும் பொங்கவில்லை. ஹீட்டர் இருக்கிறது. அந்தக் காற்று எனக்கு ஒத்துக்கொள்ளாததால் போடுவதில்லை, அவ்வளவுதான்.

பக்கத்து வீட்டுக் கிழவர் ரசம் குடிக்கிற கதையைச் சொன்னேனே, டீக் கோப்பையில் ஊற்றி உறிஞ்சுவாரே, அவர்தான். ஆனால் சோறு மட்டும் தொடமாட்டார், மரியாதைக்குக்கூட. என் சமையல்தான் பிடிக்கவில்லையோ என்று நினைத்திருந்தேன்.

ஏப்ரல் 25 இங்கே போர்வீரர்களை நினைக்கிற நாள். மகன் பெர்த்தில் இருப்பதால் என்னைத் துணைக்குக் கூப்பிட்டார். போர்க்கைதிகளாக இருந்தவர்களுக்கென்று பிப்ரவரியில்தான் இந்த ஊர்ப் பூங்காவில் நினைவிடம் திறந்தார்கள். கறுப்புக் கிரானைட் சுவரில் 35,000 பேருக்கு மேல் பெயர் வெட்டியிருக்கிறது. நடைபாதையில் குறுக்கே ரயில் ஸ்லீப்பர் கட்டை மாதிரி கல் பதித்திருக்கிறார்கள். எல்லோரும் மிதித்துக்கொண்டு போனார்கள். இவர் கைத்தடியை ஊன்றி ஒவ்வொன்றையும் தாண்டித் தாண்டி நடந்தார். மெடல்கள் கோட்டுப் பைக்குள் கிடந்தன. குத்திக்கொள்ளச் சொன்னால், "சத்தம் போடும்" என்றார். ஆட்கள் வந்து வந்து கை குலுக்கினார்கள்.

பெஞ்சில் உட்கார்ந்த பிறகு, உன் பாஷையில் ஒரு வார்த்தை தெரியும் என்றார். "தண்ணி." சுத்தமாகச் சொன்னார், அம்மா, நம்ம ஊர்க்காரன் சொல்கிறமாதிரி.

1942 பிப்ரவரி 15, சிங்கப்பூர் ஜப்பான்காரன் கையில் விழுந்த அன்று அவருக்கு 21 வயது. பிறகு கைதியாகச் சயாம், இப்போதைய தாய்லாந்து. அங்கிருந்து பர்மாவரைக்கும் 415 கிலோமீட்டர் தண்டவாளம் போடுகிற வேலை. 1943 மழையில் காலரா வந்தபோது, மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுபோன நம் ஆட்களின் கொட்டகை இவர்கள் முகாமுக்குக் கொஞ்ச தூரத்தில் இருந்ததாம். ராத்திரி முழுக்க அந்த ஒரு வார்த்தைதான் கேட்குமாம். இவர்களுக்குப் பட்டாள டாக்டர் இருந்தார், தண்ணீரைக் கொதிக்கவைக்காமல் குடிக்க விடமாட்டார். அங்கே அப்படிச் சொல்ல ஆளில்லை. கைதிகளில் செத்தவர்கள் 12,000-க்கு மேல் என்று கணக்கு இருக்கிறது. கூலிகள் 90,000 வரை இருக்கலாம் என்கிறார்கள். அவர்கள் பெயரை யார் எழுதி வைத்தார்கள்?

தாத்தா பேரைச் சொன்னேன். கேட்டதில்லை என்றார். அவர் எங்கே கேட்டிருக்கப் போகிறார். போய்த் தண்ணீர் கொடுத்தீர்களா என்று நான் கேட்கவில்லை.

எனக்கு அங்கேயே அழுகை வந்துவிட்டது. தாத்தாவுக்காக என்றுதான் கிழவர் நினைத்திருப்பார். நிஜத்தைச் சொன்னால், வாய்விட்டுச் சொன்ன ஒரு தமிழ் வார்த்தையை நேரில் கேட்டு அன்றைக்கு மூன்று வாரம் ஆகியிருந்தது. நம் கிணற்று மேடும் அந்த நசுங்கின சொம்பும் கண்ணிலேயே நின்றன.

சரி, பட்டா விஷயம். தாத்தாவின் இறப்புச் சான்றிதழ் இல்லாமல் பேர் மாற்றமாட்டோம் என்கிறார்களா? சயாமுக்குப் போயா வாங்க முடியும்? ஏழு வருஷம் தகவலே இல்லாதவரை இறந்தவராக எடுத்துக்கொள்ள சாட்சியச் சட்டம் 108-இல் வழி இருக்கிறது. அண்ணனைச் சிவகங்கை வக்கீலிடம் அனுப்பு, சிவில் கோர்ட்டில் மனுப் போடவேண்டும். தாத்தா 1941-இல் போட்ட கடைசிக் காகிதம் அம்மாச்சியின் தகரப் பெட்டியில் இருக்கும். ஜெராக்ஸ் மட்டும் கொடுக்கச் சொல், அசல் உன்னிடமே இருக்கட்டும்.

அம்மாச்சி சாகிறவரை தாலியைக் கழற்றவில்லையே, இப்போது நாமே கோர்ட்டில் போய் அவர் செத்துவிட்டார் என்று சொல்லலாமா என்று கேட்டிருக்கிறாய். எனக்கும் அதுதான் உறுத்துகிறது. பெரியம்மாவிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுச் செய்.

பணம் ஆவணிக்குள் அனுப்புகிறேன். ஓவர்டைம் காசு கொஞ்சம் தள்ளிப்போயிருக்கிறது, வேறொன்றும் இல்லை. மாட்டை விற்றுவிடாதே.

பெரியம்மா மகன் வரும்போது ரசப்பொடி கொடுத்துவிடு, தனிப் பொட்டலமாக. ஏர்போர்ட்டில் பிரித்துப் பார்ப்பார்கள். கிழவர் ரெண்டு தடவை கேட்டுவிட்டார்.

உன் மகன்