கருதுகோளை வலுப்படுத்துவது எது?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வங்கித் தேர்வுக்குப் படிக்கும் என் மாணவி ஒருவர், வேறொரு பயிற்சி மையம் நடத்திய மாதிரித் தேர்வின் வினாத்தாளைச் சென்ற வாரம் என்னிடம் கொண்டுவந்தார். ரீசனிங் பகுதியில் ஒரு கேள்வி: 'தீட்டிய பச்சரிசி உண்போருக்குக் கால் மரத்து வீங்கும் நோய் வருகிறது; அரிசியே காரணம் என்கிறார் ஒரு மருத்துவர். இக்கருதுகோளை மிகவும் வலுப்படுத்தும் கூற்று எது?' விடைக் குறிப்பு சரியென்று காட்டியது, 'தீட்டிய பச்சரிசி உண்போரிடையே இந்நோய் மிகுதி' என்ற முதல் கூற்றை. மாணவி தேர்ந்திருந்ததோ, 'ஒரே கட்டடத்தில் தங்கி, மற்ற உணவையெல்லாம் ஒன்றாகவே உண்டு, அரிசியில் மட்டும் வேறுபட்டவர்களில் புழுங்கலரிசி உண்டவர்களுக்கு இந்நோய் வரவில்லை' என்ற மூன்றாம் கூற்றை. ஒரு மதிப்பெண் போனதுடன், தவறான விடைக்கான கால் மதிப்பெண்ணும் கழிந்தது.

கேள்வியிலேயே உள்ள செய்தியைத் திருப்பிச் சொல்லும் கூற்று எதையும் வலுப்படுத்துவதில்லை. தீட்டிய அரிசி உண்போருக்கு நோய் வருகிறது என்பது ஏற்கெனவே கொடுக்கப்பட்ட செய்தி. அதற்குக் காரணம் அரிசியா, அவர்கள் வசிக்கும் இடமா, பிறந்த இனமா என்பதுதான் வழக்கு. இந்தப் போட்டிக் காரணங்களில் ஒன்றையாவது வெளியேற்றும் கூற்றே கருதுகோளுக்குப் பலம் சேர்க்கும்.

கேள்வியைத் தயாரித்தவருக்குத் தெரிந்திருந்ததோ இல்லையோ, இது உண்மையில் நடந்த கதை. அதில் தமிழர்களும் இருக்கிறார்கள். மலாயாவில் சுரங்கங்களிலும் தோட்டங்களிலும் உழைத்தவர்களில், தீட்டிய பச்சரிசி உண்ட சீனர்களை, கேள்வியில் வரும் அதே கால் மரத்து வீங்கும் நோயான பெரிபெரி வாரிக்கொண்டு போனது. புழுங்கலரிசிச் சோறு உண்ட தமிழர்களை அது அரிதாகவே தொட்டது. லெனர்ட் பிராடன் என்ற மருத்துவர் இதைக் கவனித்து, அரிசியின் மீது குற்றம் சாட்டி 1907இல் நூலே எழுதினார். ஆனால் இவ்வளவை மட்டும் வைத்துக்கொண்டு அரிசிதான் காரணம் என்று முடிவுகட்ட இயலாது. சீனருக்கும் தமிழருக்கும் இடையே வேறுபடுவது அரிசி மட்டுமா என்று எவரும் கேட்கலாம்.

அந்தக் கேள்விக்கு இடமில்லாமல் செய்தவர் வில்லியம் ஃப்ளெட்சர் என்ற மருத்துவர். 1905இல் கோலாலம்பூர் மனநல விடுதியில் இருந்தவர்களை வரிசையாக நிற்கவைத்து எண்ணி, ஒற்றைப்படை எண்காரர்களை ஒரு கட்டடத்திலும் இரட்டைப்படை எண்காரர்களை இன்னொரு கட்டடத்திலும் தங்கவைத்தார். ஒரு சாராருக்குப் பச்சரிசி, மறு சாராருக்குப் புழுங்கலரிசி. மற்ற உணவில் வேறுபாடில்லை. பச்சரிசி உண்டவர்களிடையே நோய் பரவி 18 பேர் இறந்தனர்; புழுங்கலரிசிப் பக்கம் பெரிபெரியால் ஒருவர்கூட இறக்கவில்லை. (மனநோயாளிகளை வைத்து இப்படிச் சோதிக்க இன்று எந்த நெறிமுறைக் குழுவும் அனுமதிக்காது என்பது வேறு விஷயம்.) கட்டடத்திலேயே நோய்த்தொற்று இருக்குமோ என்ற ஐயமும் எழுமல்லவா? அதற்காக அரிசியை மாற்றாமல் இரு சாராரையும் கட்டடம் மாற்றிப் போட்டார். அப்போதும் நோய் பச்சரிசியின் பின்னாலேயே போனது. என் மாணவி தேர்ந்த மூன்றாம் கூற்று ஏறத்தாழ இதுவேதான்.

ஜாவாவில் நடந்தது இதைவிட நுட்பமானது. தீட்டிய அரிசிச் சோறு தின்ற கோழிகளுக்குக் கால் துவண்டதையும், தவிடு கொடுத்தால் அவை தேறியதையும் கண்ட டச்சு மருத்துவர் எய்க்மான், அரிசி மாவில் ஒரு நஞ்சு இருக்கிறது, தவிடு அதை முறிக்கிறது என்று கருதினார். அவருக்குப் பின் வந்த கிரைன்ஸ், நஞ்சு ஏதுமில்லை, உடலுக்குத் தேவையான ஏதோவொன்று தீட்டும்போது போய்விடுகிறது என்று 1901இல் சொன்னார். தவிட்டால் கோழி பிழைத்தது என்ற சான்று இரண்டு கருத்துக்கும் சமமாகப் பொருந்துவதால், அவற்றுள் எதைத் தேர்வது என்பதற்கு அது உதவாது. கிரைன்ஸோ உயர் வெப்பத்தில் வேகவைத்த இறைச்சியை மட்டும் கொடுத்தார். அப்போதும் கோழிகளுக்கு அதே நோய் வந்தது. அரிசியே இல்லாத தட்டில் அரிசியின் நஞ்சு எங்கிருந்து வரும்? பாசிப்பயறு கொடுத்தால் நோய் விலகியது என்பதும் அவர் கண்டதே. அன்று 'ஏதோவொன்று' என்றதைத்தான் இன்று தயமின், அதாவது வைட்டமின் பி1, என்கிறோம்.

எந்தக் கருதுகோளை, எதற்கு எதிராக வலுப்படுத்துகிறோம் என்று கேட்காமல் விடையைக் குறித்துக்கொண்டு போவதுதான் நம் பயிற்சி மையங்களில் நான் காணும் பெருங்குறை. 'பல மருத்துவர்கள் இதை ஏற்கிறார்கள்' என்ற கூற்றைக் கண்டதும் மாணவர்கள் மயங்குவது ஒரு பக்கம். 'இது முழுதாக நிரூபிக்கவில்லையே' என்று சரியான கூற்றைத் தள்ளிவிடுவது இன்னொரு பக்கம். இதில் நன்றாகப் படிப்பவர்களே அதிகம் சிக்குகிறார்கள். வலுப்படுத்துதல் என்பது நிரூபித்தல் அன்று. ஃப்ளெட்சரின் சோதனையும் அரிசியில் என்ன குறை என்பதைச் சொல்லிவிடவில்லை.

தங்கள் நாளிதழின் போட்டித் தேர்வுப் பகுதியில் வெளியாகும் இத்தகைய வினாக்களுக்கு, விடை எழுத்தை மட்டும் அச்சிடாமல், அக்கூற்று எந்த மாற்றுக் காரணத்தை விலக்குகிறது என்று ஒரு வரி சேர்த்து வெளியிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
போட்டித் தேர்வுப் பயிற்றுநர் ஒருவர்,
காரைக்குடி.