வாடை வீசும் நாளில் ஃப்ளாம்பரோ முனைக்கு: தமிழ்ப் பள்ளிகளுக்கு ஒரு திறந்த மடல்

வட இங்கிலாந்தில் வார இறுதித் தமிழ்ப் பள்ளிகளை நடத்திவரும் நிர்வாகிகளுக்கும் ஆசிரியர்களுக்கும் வணக்கம்.

கோடையில் பிள்ளைகளை யார்க்‌ஷயரின் கடற்பறவைகள் கூடு கட்டும் பெம்ப்டன் பாறைகளுக்கு அழைத்துச் செல்கிறீர்கள், அதற்கு நன்றி. பக்கத்திலேயே இருக்கும் ஃப்ளாம்பரோ முனைக்கு நவம்பரில் ஒரு முறை போகலாமே என்று சென்ற ஆண்டு ஒரு பள்ளியில் கேட்டேன். அந்தக் குளிரில் பாறையில் ஒரு பறவையும் இருக்காதே என்றார்கள். பாறையில் இருக்காது என்பது உண்மைதான். பஃபின்கள் ஆகஸ்டுக்குள் போய்விடும். கேனட்டுகளும் அக்டோபர் வாக்கில் கூடுகளை விட்டுவிடும். ஆனால் நவம்பரில் நாம் பார்க்க வேண்டியது பாறையை அல்ல, கடலை.

காற்று மேற்கிலிருந்து வீசினால் பறவைகள் கரையை விட்டு விலகியே போகும். வடக்கிலிருந்து ஓரிரு நாள் பலமாக வீசினால்தான், ஆர்க்டிக் பக்கமிருந்து தெற்கே வருபவை கரையோரமாக ஒதுக்கப்பட்டு, வட கடலுக்குள் நீண்டு நிற்கும் இந்த முனையைச் சுற்றிக்கொண்டு நம் கண்ணெதிரே கடக்கும். அப்படியொரு நாளில்தான் என் மகள் முதன்முதலாக லிட்டில் ஆக் பறவையைப் பார்த்தாள். மைனாவைவிடச் சிறியது, கறுப்பும் வெள்ளையுமாக, கழுத்தே இல்லாததுபோல் உருண்டு இருந்தது. அலை எழும்போது தெரிந்தது, தாழும்போது மறைந்தது. கிரீன்லாந்து, ஸ்வால்பார்ட் போன்ற இடங்களின் கற்குவியல்களில் பொரித்து வளரும் உயிர் அது என்று சொன்னபோது, அவள் தொலைநோக்கியிலிருந்து கண்ணை எடுக்கவே இல்லை.

இந்தப் பாறைகளில் பொழுதுபோக்குக்காகவும் தொப்பி அலங்காரத்துக்கான இறகுக்காகவும் பறவைகளைச் சுட்டுக் குவித்ததைக் கண்டு உள்ளூர்ப் பாதிரியார்கள் போராடியதன் விளைவாக வந்த 1869-ஆம் ஆண்டுச் சட்டம்கூட, ஏப்ரல் 1 முதல் ஆகஸ்ட் 1 வரைதான் காப்பு அளித்தது. கூட்டில் இருக்கும் பறவைக்குக் கிடைக்கும் கவனம் கடந்துபோகும் பறவைக்கு அன்றும் கிடைக்கவில்லை. நம் சுற்றுலாப் பட்டியலிலும் கிடைக்கவில்லை என்பதே என் வருத்தம்.

தெற்கிலிருந்து வருவது தென்றல், வடக்கிலிருந்து வருவது வாடை என்று நம் வகுப்புகளில் பிள்ளைகள் மனப்பாடம் செய்கிறார்கள். ஐப்பசியும் கார்த்திகையும் கூதிர்ப் பருவம் என்று எழுதி மதிப்பெண்ணும் வாங்குகிறார்கள். அதே கூதிரில், அதே வாடை முகத்தில் அறைய, அது கொண்டுவந்து சேர்க்கும் பறவைகளைப் பார்த்துக்கொண்டு அரை மணி நேரம் நின்ற பிள்ளைக்கு அந்தச் சொற்களை யாரும் மறுபடி கற்பிக்க வேண்டியிருக்காது. கடலோர ஆலாவுக்கு நம்மிடம் பெயர் இருக்கிறது, லிட்டில் ஆக்குக்கு இல்லை. ஒரு பெயர் வைக்கும் வேலையையும் பிள்ளைகளிடமே கொடுக்கலாம்.

பாதுகாப்பு பற்றிய உங்கள் கவலை நியாயமானது. சுண்ணாம்புப் பாறையின் மேல் களிமண் படிந்திருப்பதால், மழையில் விளிம்பு வழுக்கும், சரியவும் செய்யும். ஆகவே விளிம்பிலிருந்து நன்றாகத் தள்ளியே நிற்க வேண்டும். நான்கு பிள்ளைகளுக்கு ஒரு பெரியவர் வேண்டும். மாலை 4 மணிக்கெல்லாம் இருட்டிவிடும் என்பதால் காலையிலேயே சென்று நண்பகலில் திரும்பிவிடுவது நல்லது.

தேதியை இப்போதே குறிக்க வேண்டாம். நவம்பரின் ஞாயிற்றுக்கிழமைகளை ஒதுக்கி வைத்துவிட்டு, வானிலை அறிக்கையில் வடக்குக் காற்று தெரிந்ததும் புறப்படுங்கள். இரண்டு தொலைநோக்கிகளோடு கலங்கரை விளக்கத்தின் அருகே காத்திருப்பேன்.

அன்புடன்,
ஒரு மாணவியின் தந்தை