படகு இல்லாத கடல்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கடல், நிலம், வானம் ஆகியவற்றை அரூபமாக, அதாவது பொருள்களின் உருவம் காட்டாமல் நிறங்களால் மட்டும், தீட்டும் ஓர் ஓவியரைப் பற்றித் தங்கள் ஞாயிறு இணைப்பில் கட்டுரை வந்த மறு வாரமே, “மேலே சாம்பல், கீழே பழுப்பு, நடுவில் ஒரு கோடு, படகும் இல்லை, ஆளும் இல்லை, இதற்கு நிலக்காட்சி என்று பெயரா?” என்று புதுச்சேரி வாசகர் ஒருவர் கேட்டிருந்தார். அந்தக் கேள்வியை நான் குறைத்து மதிப்பிடவில்லை. கடலூர்ப் பிள்ளைகளிடம் இரண்டு மலை, இடையே சூரியன், ஓர் ஆறு, ஒரு தென்னை என்று வரையச் சொல்லி மதிப்பெண் போட்ட ஓவிய ஆசிரியர்களில் நானும் ஒருவன். மலையே தெரியாத ஊரில் ஆண்டுக்கணக்காக மலை வரைய வைத்தோம், எவரும் ஆட்சேபிக்கவில்லை.

உண்மையில் நம் கண்ணுக்குத் தெரிவது என்ன? ஐப்பசி, கார்த்திகையில் வாடைக்காற்று வீசி, கெடிலத்தில் வெள்ளம் வரும் நாளில் தேவனாம்பட்டினக் கரையில் நின்றால், முகத்துவாரத்திலிருந்து கலங்கல் நீர் நெடுந்தூரம் கடலுக்குள் போவதால் நிலம் எங்கே முடிகிறது என்று சொல்ல முடியாது. காற்றில் மிதக்கும் நீர்த்துளியும் உப்புத்துகளும் ஒளியைச் சிதறடிப்பதால் தொடுவானமும் கரைந்துபோகும். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கரையைக் கடந்த பிறகு நான் பார்த்த கடலை இன்று வரைந்தால், சுண்ணாம்பும் சாம்பலும் குழைந்த ஒரு நிறமும் அதன் கீழே கனத்த பழுப்பும்தான் வரும். அது பொய்யான சித்திரம் என்று எங்கள் தெருவில் எவரும் சொல்லமாட்டார்கள்.

1842இல் பனிப்புயலில் சிக்கிய நீராவிக் கப்பலை ஆங்கில ஓவியர் டர்னர் தீட்டியபோது, சோப்பு நுரையும் வெள்ளைச் சுண்ணாம்பும் என்று லண்டனில் ஏளனம் செய்தார்கள். கடல் எப்படி இருக்கும் என்று இவர்கள் நினைக்கிறார்கள், அதற்குள் இருந்து பார்த்திருக்க வேண்டும் என்று அவர் வருந்தியதாகக் கலை விமர்சகர் ரஸ்கின் எழுதியிருக்கிறார்.

இப்படித் தீட்டும் முறை நமக்கு அந்நியமானதும் அன்று. நிலமும் பொழுதும் முதற்பொருள் என்றும், மரம், பறவை, மக்களின் தொழில் போன்றவை கருப்பொருள் என்றும், மனத்தின் நிலை உரிப்பொருள் என்றும் வகுத்த மரபு நம்முடையது. அரூப நிலக்காட்சி ஓவியர் கருப்பொருளை மட்டும் விலக்கிவிட்டு, முதலையும் உரியையும் வைத்துக்கொள்கிறார், அவ்வளவே. கடல் சார்ந்த நிலமான நெய்தலுக்குரிய சிறுபொழுது எற்பாடு, அதாவது சூரியன் சாயும் வேளை. கிழக்கு நோக்கிய நம் கரையில் சூரியன் நம் முதுகுப்புறம் நிலத்தில் சாய, எதிரே கீழ்வானத்தின் அடியில் ஊதா கலந்த சாம்பல் மெல்ல ஏறும். புதுச்சேரி கடற்கரைச் சாலையில் மாலையில் நடப்பவர்கள் நாள்தோறும் காணக்கூடியது இது. அந்த வேளையின் ஏக்கத்தைச் சொல்ல அங்கே ஒரு படகு அவசியமா என்பதுதான் கேள்வி.

‘என் பேரனே கிறுக்குவான்’ என்று அந்த வாசகர் எழுதியதை மட்டும் என்னால் ஏற்க இயலவில்லை. இந்திய அரூப ஓவியர் வா.சு. கெய்டொண்டே (1924–2001) உருளையாலும் தட்டைக் கத்தியாலும் வண்ணத்தை அடுக்கடுக்காக ஏற்றியும், காகிதத் துண்டுகளை ஈர வண்ணத்தில் பதித்து எடுத்தும் வேலை செய்தவர். ஓர் ஆண்டில் அவர் முடித்த ஓவியங்கள் மிகச் சில. மற்றோர் இந்திய ஓவியர் அக்பர் பதம்ஸி 1970 வாக்கில் தொடங்கிய ‘மெட்டாஸ்கேப்’ என்னும் கற்பனை நிலக்காட்சி வரிசையிலோ சூரியனும் சந்திரனும் ஒரே வானில் நிற்கும். அவ்விரண்டையும் காலத்தை வகுப்பவையாகப் பாடிய காளிதாசனின் வாழ்த்துச் செய்யுள் அதற்குத் தூண்டுதல். இரண்டு நிறங்கள் சந்திக்கும் இடத்தில் கோடு விழாமல், சேறாகவும் ஆகாமல் நிறுத்துவது எத்தனை கடினம் என்பதைத் தூரிகை பிடித்தவர்கள் அறிவார்கள். அடியில் இட்ட வண்ணம் காயும் வரை பொறுத்திருந்து, மேலே எண்ணெயில் இளக்கிய மெல்லிய பூச்சுகளைப் பரப்பினால்தான், ஒளி அவற்றை ஊடுருவி அடிவண்ணத்தைத் தொட்டுத் திரும்பும். மூட்டமான வானம் உள்ளிருந்து வெளுப்பது போன்ற தோற்றம் அப்படித்தான் வருகிறது.

அந்த வாசகர் ஏமாந்ததில் தங்கள் நாளிதழுக்கும் பங்கு உண்டு என்று பணிவுடன் சொல்லிக்கொள்கிறேன். கட்டுரையுடன் வந்த ஓவியம் கறுப்பு வெள்ளையில், இரு புறமும் வெட்டப்பட்டு, தீப்பெட்டிப் படம் அளவில் அச்சாகியிருந்தது. நிறத்தையும் அகலத்தையும் எடுத்துவிட்டால் இவ்வகை ஓவியத்தில் மிச்சம் ஏதும் இல்லை. இனி இத்தகைய ஓவியங்களை வண்ணத்தில், வெட்டாமல், அவற்றின் நீள அகலத்தையும் எண்ணெய் வண்ணமா அக்ரிலிக்கா என்பதையும் குறிப்பிட்டு வெளியிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஓவிய ஆசிரியர்,
தேவனாம்பட்டினம், கடலூர்.