கூரை இல்லாத ஏழு பெட்டி நீளம்

புறநகர் மின்சார ரயில்களை நடத்தும் அதிகாரிகளுக்கு,

வணக்கம்.

எங்கள் ஸ்டேஷன் எது என்று இந்த மடலில் சொல்லப்போவதில்லை. சொன்னால் அங்கே மட்டும் நாலு தகரத்தை அடித்துவிட்டு ஃபைலை மூடிவிடுவீர்களோ என்று பயம். சென்னை கடற்கரை–தாம்பரம் தடத்தில் ஒரு ஸ்டேஷன், அது போதும். விஷயமும் உங்களுக்குத் தெரிந்ததுதான். பிளாட்பாரத்தின் நடுவில் கூரை இருக்கிறது, இரண்டு பக்கமும் இல்லை. ஒருநாள் நடந்தே அளந்துவிட்டேன். 12 பெட்டி வண்டி வந்து நின்றால் ஐந்து பெட்டிக்குக் கூரை, ஏழு பெட்டிக்கு வானம். முன்பக்கப் பெண்கள் பெட்டி நிற்பது அந்த வானத்துக்குக் கீழே. கூரை முடிகிற இடத்திலிருந்து அதன் வாசலுக்கு என் காலால் எழுபது எட்டு.

போன கார்த்திகையில் ஒரு செவ்வாய்க்கிழமை. விடியற்காலை பிடித்த மழை விடவே இல்லை. 7.50 வண்டிக்கு நாங்கள் முப்பது பேராவது கூரையின் விளிம்பில் ஒட்டிக்கொண்டு நின்றோம். குடை பிடித்துக்கொண்டு முன்னாலேயே போய் நிற்க வேண்டியதுதானே என்று கேட்பீர்கள். ஐப்பசி, கார்த்திகை மழை நேராகவா பெய்கிறது? காற்றோடு சாய்ந்து அடிக்கிறது. குடை தலையைக் காப்பாற்றும், இடுப்புக்குக் கீழே தொப்பல்தான். அந்த ஈரச் சேலையோடு சாயங்காலம் வரை ஏசி ஆபீஸில் உட்கார்ந்து பார்த்தால் தெரியும். அதனால் எல்லோரும் கூரைக்குக் கீழே காத்திருந்து, வண்டியின் விளக்கு தெரிந்ததும் ஓடுவோம். வண்டி நிற்பது அரை நிமிடம். எழுபது எட்டையும் அதற்குள் ஓடி ஏற வேண்டும்.

மாம்பலத்தில் இரண்டு வீடுகளில் சமையல் செய்யும் அக்கா ஒருவர் எங்களோடு வருவார். மழை நாளில் ரப்பர் செருப்பைக் கழற்றி மஞ்சள் பையில் போட்டுக்கொண்டு வெறுங்காலில்தான் ஓடுவார். செருப்பு வழுக்கும், காலை நம்பலாம் என்பார். அன்று காலும் வழுக்கிவிட்டது. கண் தெரியாதவர்கள் தடம் பார்த்து நடக்கப் புள்ளி புள்ளியாகப் பதித்திருக்கிறீர்களே மஞ்சள் டைல்ஸ், அதன் மேல் விழுந்தார். பையிலிருந்த டிபன் பாக்ஸ் திறந்துகொண்டது. மஞ்சள் டைல்ஸ் மேல் எலுமிச்சை சாதம், மழையில் கரைந்து தண்டவாளத்துப் பக்கம் ஓடியது. நானும் இன்னொரு பெண்ணும் அக்காவைத் தூக்கினோம். கார்டு எட்டிப் பார்த்துவிட்டு வண்டியைக் கொஞ்ச நேரம் கூடுதலாக நிறுத்திவைத்தார். அவருக்கு இந்த இடத்தில் ஒரு நன்றி. உள்ளே உட்கார வைத்ததும் அக்கா கேட்ட முதல் கேள்வி, "சாதம் பூரா போச்சா?"

முட்டி வீங்கிப் பத்து நாள் அவர் வேலைக்கு வரவில்லை. ஒரு வீட்டில் பத்து நாள் சம்பளத்தைப் பிடித்தார்கள். இன்னொரு வீட்டில் வேறு ஆள் வைத்துக்கொண்டார்கள்.

அன்றைக்கே செல்போன் ஆப்பில் புகார் போட்டேன். மறுநாள் பதில் வந்தது: புகார் தீர்க்கப்பட்டது. மழை விட்டிருந்தது, அந்த வகையில் தீர்ந்துதான் போயிருந்தது. ஸ்டேஷனிலும் எழுதிக் கொடுத்தேன். பரிசீலனையில் இருப்பதாகச் சொன்னார்கள். அதற்கும் முந்தைய மழைக்காலத்தில் வேறொருவர் எழுதிக் கொடுத்தது அதே பரிசீலனையில் இருக்கிறதாம். துணைக்கு ஆள் இருக்கிறது, நல்லது.

நான் கேட்பது இதுதான்: பிளாட்பாரம் முழுக்கக் கூரை போடுங்கள். ஒரேயடியாக முடியாது என்றால் பெண்கள் பெட்டி நிற்கும் இடத்துக்கு முதலில் போடுங்கள்.

இந்தக் குறை எப்படி வந்தது என்று யோசித்துப் பார்த்திருக்கிறேன். நான் கல்லூரிக்குப் போன காலத்தில் இதே தடத்தில் மீட்டர் கேஜ் என்ற குறுகிய பாதையில் வண்டி ஓடியது. 2004-இல் அது நின்றது. அகலப் பாதைக்கு 9 பெட்டி வண்டிகள் வந்தன, பிறகு அவையும் 12 ஆயின. ஒரு பெட்டி 20 மீட்டருக்கு மேல், ஆக வண்டியின் நீளம் ஏறத்தாழ 250 மீட்டர். வண்டி நீண்டதும் பிளாட்பாரத்தை நீட்டினீர்கள், நீட்டித்தானே ஆக வேண்டும். கூரையை நீட்டவில்லை, நீட்டாவிட்டாலும் வண்டி ஓடும். நனைவது நாங்கள்தானே.

பக்கத்தில் 25,000 வோல்ட் கம்பி போகிறது, மின்சாரத்தை நிறுத்தாமல் அங்கே வேலை செய்ய முடியாது என்று ஒரு பதில் வரும் என்பதும் தெரியும். ஐயா, பராமரிப்புப் பணி என்று எத்தனை ஞாயிற்றுக்கிழமைகளில் வண்டிகளை ரத்து செய்திருக்கிறீர்கள். அதில் நாலு ஞாயிற்றுக்கிழமையைக் கூரைக்குக் கொடுங்கள். நாங்கள் பஸ்ஸில் போய்க்கொள்கிறோம், முணுமுணுக்க மாட்டோம்.

மழை என்றாலே குறை சொல்லும் ஆள் இல்லை நான். மழை நாளில் மின்சார ரயிலைப் பார்ப்பதே எனக்குப் பிடிக்கும். தூரத்தில் விளக்கு மட்டும் மங்கலாகத் தெரியும், ஹாரன் சத்தம் ஈரத்தில் நமுத்துப்போய் வரும். மேலே கம்பியில் உரசுகிற இடத்தில் பச்சையும் நீலமுமாகப் பளிச்சென்று ஒரு பொறி. பிரேக் பிடித்ததும் பெட்டியின் மேல் தேங்கிய தண்ணீர் அப்படியே முன்னால் சரிந்து கொட்டும். விவரம் தெரிந்தவர்கள் ஒரு அடி பின்னால் தள்ளி நிற்பார்கள், புதிதாக வந்தவர் தலையில் வாங்கிக்கொள்வார். ஏறி உட்கார்ந்தால் ஷட்டர் பாதியில் சிக்கிக்கொண்ட ஜன்னல் ஒன்று எப்படியும் எனக்குக் கிடைக்கும். சரி, அதுவும் பழகிவிட்டது. கிண்டி தாண்டி அடையாற்றுப் பாலத்தில் வண்டி ஏறும்போது பார்க்க வேண்டும், செல்போனில் மூழ்கியிருக்கிறவர்கள்கூடத் தலையை நிமிர்த்தி வெளியே பார்ப்பார்கள். 2015 டிசம்பர் வெள்ளத்துக்கு அப்புறம் வந்த பழக்கம் இது. "தண்ணி ஏறியிருக்கு" என்று யாராவது ஒருவர் சொல்வார். சைதாப்பேட்டை வரும் வரை பெட்டியில் பேச்சு இருக்காது.

இயற்கைக்கு முன்னால் உங்களாலும் ஒன்றும் செய்ய முடியாத நாட்கள் உண்டு. 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் பேசின் பிரிட்ஜ்–வியாசர்பாடி நடுவிலுள்ள பாலத்தில் தண்ணீர் அபாய அளவைத் தாண்டியபோது ரயில்களை நிறுத்தினீர்கள். நியாயம். அதற்காக உங்களைத் திட்டினால் அது எங்கள் தப்பு. ஆனால் எங்கள் ஸ்டேஷனில் புயலும் இல்லை, வெள்ளமும் இல்லை. வருடா வருடம் வருகிற சாதாரண மழை. 1931 முதல் மின்சார ரயில் ஓடுகிற தடம் இது. தொண்ணூறு ஐப்பசிக்கு மேல் பார்த்தாகிவிட்டது. இந்த ஊரில் மழை பெய்யும் என்று இன்னுமா தெரியவில்லை?

ஸ்டேஷன் முகப்பு புதிதாகியிருக்கிறது. வளைவு, வண்ண விளக்கு, செல்ஃபி எடுக்க ஓர் இடம். மழை நாளில் அந்த வளைவின் கீழே தெருநாய்கள் நனையாமல் படுத்திருக்கின்றன. 2025 ஏப்ரலில் ஏசி புறநகர் ரயிலும் விட்டீர்கள், தானே மூடிக்கொள்ளும் கதவோடு. சந்தோஷம். அதுவும் எங்கள் ஸ்டேஷனில் அதே ஏழு பெட்டியை மழையில் வைத்துக்கொண்டுதான் நிற்கிறது. கூடுதல் காசு கொடுத்து ஏறுகிறவர் நனைந்துவிட்டு உள்ளே போய்க் குளிரில் நடுங்குகிறார். அப்புறம் அந்த ஒலிபெருக்கி. "பயணிகளின் கனிவான கவனத்திற்கு" என்று மூன்று மொழியில் கேட்கிறீர்கள். 19 வருடமாகச் சீசன் டிக்கெட் எடுத்து, கனிவான கவனத்தைக் கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறேன். அதில் கொஞ்சம் திரும்பக் கிடைக்குமா?

மன்னிக்கவும். கடிதம் வேறு பக்கம் போகிறது. கோபமாக எழுத வேண்டாம் என்று நினைத்துத்தான் ஆரம்பித்தேன்.

அக்கா இப்போது மறுபடி வருகிறார், ஒரு வீட்டு வேலைக்கு மட்டும். மழை நாளில் பெண்கள் பெட்டிக்கு ஓடுவதில்லை. கூரைக்குக் கீழே வந்து நிற்கும் பொதுப்பெட்டியில் ஏறிக்கொள்கிறார். இன்னும் பலரும் அப்படித்தான். அதனால் நடுப்பெட்டிகளில் வாசல் வரை கூட்டம், படியில் தொங்கல். அந்த நெரிசலில் ஒரு பெண் எப்படி நின்று வருகிறாள் என்பதை நான் எழுத வேண்டியதில்லை. 2018 ஜூலையில் பரங்கிமலையில் படியில் தொங்கி வந்தவர்கள் சுவரில் மோதி இறந்ததையும் உங்களுக்கு நான் நினைவுபடுத்த வேண்டியதில்லை. மழை நாளில் முன்பக்கத்தில் பெண்கள் பெட்டி பாதி காலியாக, நனைந்துகொண்டே போகிறது.

ஆகவே பணிவுடன் மறுபடி கேட்டுக்கொள்கிறேன். பெண்கள் பெட்டி நிற்கும் இடத்துக்கு முதலில், பிறகு பிளாட்பாரம் முழுவதற்கும், எங்கள் ஸ்டேஷனில் மட்டுமில்லாமல் இதே குறை உள்ள எல்லா ஸ்டேஷன்களிலும், கூரை போட்டுக் கொடுங்கள். சித்திரை வெயிலில் தொடங்கினால் ஐப்பசிக்குள் முடித்துவிடலாம். மஞ்சள் டைல்ஸ் பக்கத்தில் தண்ணீர் தேங்காமல் வாட்டம் வைக்கச் சொன்னால் அதுவும் பெரிய உதவி. அதற்கு மின்சாரத்தை நிறுத்த வேண்டியதுகூட இல்லை.

இப்படிக்கு,
7.50 வண்டியின் சீசன் டிக்கெட் பயணி ஒருத்தி