ஹோர்ட்டன் சமவெளி நடைப்பயணம்: வியாழனுக்குள் பதில் தேவை

பழைய மாணவர் குழுவினருக்கு வணக்கம்.

ஜனவரி 24, சனிக்கிழமை ஹோர்ட்டன் சமவெளிக்குப் போகிறோம். நுவரெலியா பஸ் நிலையத்திலிருந்து அதிகாலை 4.30க்கு வான் புறப்படும்.

1. தயவுசெய்து நேரத்துக்கு வாருங்கள். பத்து மணிக்குள் பெரும்பாலும் பனிமூட்டம் ஏறிவிடும். அப்புறம் 'உலக முடிவு' (World's End) என்ற செங்குத்து மலை விளிம்பில் நின்றாலும் வெள்ளையைத் தவிர ஒன்றும் தெரியாது.

2. சுற்றுப்பாதை சுமார் 9 கிலோமீற்றர். பேக்கர் நீர்வீழ்ச்சிப் பக்கம் ஏற்ற இறக்கமும் வழுக்கலும் உண்டு. பிடிப்புள்ள சப்பாத்து அவசியம். அங்கே யாரும் நீரில் இறங்க வேண்டாம்.

3. 2,000 மீற்றருக்கு மேல் உயரம், விடியலில் கடுங்குளிர். ஸ்வெட்டர், தொப்பி, மழைக்கோட்டு எடுத்து வாருங்கள்.

4. நுழைவாயிலில் பைகளைத் திறந்து பார்ப்பார்கள். பிஸ்கட் உறையைக்கூடப் பிரித்து எடுத்துவிடுவார்கள், அது நல்ல வேலைதான். சாப்பாட்டை டப்பாவில் கொண்டு வாருங்கள், பொலித்தீன் வேண்டாம்.

5. மரைகள் (பெரிய மான்கள்) வாகனத் தரிப்பிடம் வரை வந்து நிற்கும். பிள்ளைகள் கேட்டாலும் தீனி கொடுக்காதீர்கள்.

6. உலக முடிவில் 800 மீற்றருக்கும் மேலான செங்குத்துப் பள்ளம். செல்பி எடுக்க விளிம்புக்குப் போகவே கூடாது. சிறுவர்களின் கையை விடாதீர்கள்.

7. அடையாள அட்டை மறக்க வேண்டாம்.

வருபவர்கள் பெயர், எத்தனை பேர், சிறுவர் உண்டா என்பதை வியாழன் இரவு 8 மணிக்குள் இங்கேயே போடுங்கள். முழங்கால் வலி, மூச்சிரைப்பு உள்ளவர்கள் எனக்குத் தனியாக எழுதுங்கள். சரி, மெதுவாக நடக்கத் துணைக்கு ஆள் வைத்துக்கொள்ளலாம்.