வரும்போது துப்பாக்கியை வீட்டிலேயே வைத்துவிட்டு வா

அன்புள்ள செல்வம்,

உன் கடிதம் கிடைத்தது. டிசம்பர் லீவுக்கு ஹூஸ்டனிலிருந்து எல்லோரும் காரிலேயே எடிசன் வருகிறீர்கள் என்று படித்ததும் இங்கே ஒரே கொண்டாட்டம். உமா இப்போதே மாடி அறையை ஒழித்துக்கொண்டிருக்கிறாள். அம்மாவுக்கு முழங்கால் வலி தேவலை.

ஆனால் “ராத்திரியில் பிள்ளைகளோடு வருகிறோம், துப்பாக்கி இடுப்பில் இருக்கும்” என்று எழுதியிருந்தாயே, அந்த வரிக்கு மேல் எனக்குப் படிக்க ஓடவில்லை. லூசியானா, மிசிசிப்பி, அலபாமா, டென்னசி வரை துப்பாக்கியைக் கூடவே வைத்து நடமாட யாரும் பெர்மிட்டே கேட்கமாட்டார்கள். வர்ஜீனியா உன் டெக்சஸ் பெர்மிட்டை ஏற்றுக்கொள்ளும். மேரிலாண்டு எந்த வெளிமாநிலப் பெர்மிட்டையும் ஏற்பதில்லை. எங்கள் நியூ ஜெர்சியும் அப்படித்தான். பத்துத் தோட்டாவுக்கு மேல் கொள்ளும் மேகசின், அதாவது துப்பாக்கியில் செருகும் தோட்டாக்கூடு, வைத்திருப்பதே இங்கே குற்றம்.

2013-ல் நடந்ததைச் சொல்கிறேன். பிலடெல்பியாவிலிருந்து வந்த ஒரு பெண், இரண்டு குழந்தைகளுக்குத் தாய். இங்கே நியூ ஜெர்சியின் அட்லாண்டிக் கவுண்டியில் போலீஸ் காரை நிறுத்தியபோது, “என்னிடம் துப்பாக்கி இருக்கிறது, பென்சில்வேனியா பெர்மிட் இதோ” என்று அவளே எடுத்துச் சொன்னாள். உடனே கைது. குறைந்தது மூன்றரை ஆண்டு சிறை என்று வழக்கு. கடைசியில் 2015-ல் அப்போதைய கவர்னர் கிறிஸ் கிறிஸ்டி மன்னிப்பு வழங்கிய பிறகுதான் எல்லாம் முழுசாகத் தீர்ந்தது. உண்மையைச் சொன்னவளுக்கு இந்தக் கதியா என்று இன்றைக்கும் மனசு கொதிக்கிறது. இப்படித் தெரியாமல் எல்லை தாண்டி வருகிறவரைச் சிறைக்கு அனுப்பவே கூடாது.

அதனால் நீ சொல்கிற மாதிரி எல்லா மாநிலமும் எல்லாப் பெர்மிட்டையும் ஏற்க வேண்டுமா? அங்கேதான் எனக்கு ஒப்பவில்லை. “டிரைவிங் லைசென்ஸ் எங்கேயும் செல்கிறதே” என்கிறாய். சரி, ஆனால் அதைப் பெரும்பாலும் வண்டி ஓட்டிக் காட்டித்தானே வாங்க வேண்டும்? துப்பாக்கிக்கு உங்கள் டெக்சஸிலேயே 2021 செப்டம்பரிலிருந்து பெர்மிட் தேவையில்லை. இங்கே நாலு பேர் நற்சான்று தர வேண்டும், பயிற்சி முடித்திருக்க வேண்டும், சுட்டுக் காட்ட வேண்டும். நீ சொல்வதையே சட்டமாக்க வட கரோலினா எம்.பி. ரிச்சர்ட் ஹட்சன் கொண்டுவந்த மசோதா 2017-ல் பிரதிநிதிகள் சபையில் 231-198 என்று நிறைவேறி செனட்டில் அப்படியே நின்றுபோனது. 2025-ல் அதையே மறுபடி கொண்டுவந்தார். பெர்மிட் தேவைப்படாத மாநிலத்துக்காரரும் வெறும் அடையாள அட்டையோடு இங்கே துப்பாக்கி வைத்து நடமாடலாம் என்கிறது அது. இருப்பதிலேயே தளர்ந்த சட்டம் எதுவோ, அதுவே எல்லா ஊருக்கும் சட்டமாகிவிடும்.

2004-ல் போலீஸ்காரர்களுக்கு நாடு முழுக்க இந்த உரிமையைக் கொடுத்தார்களே, அதில் ஓய்வுபெற்றவர்கள்கூட வருஷா வருஷம் சுட்டுத் தகுதி காட்ட வேண்டும். மற்றவர்களுக்கும் அப்படி ஒரு பொதுப் பயிற்சியை வை, அப்புறம் எல்லா மாநிலமும் ஏற்கட்டும். அதற்கு நானே கையெழுத்துப் போடுவேன்.

உன்னை நம்பாமல் இதை எழுதவில்லை, செல்வம். போன கோடையில் உன் வீட்டில் பார்த்தேனே. வெளியிலிருந்து வந்தவன் நேரே அலமாரிக்குப் போனாய். மேகசினை உருவினாய், சேம்பரில், அதாவது சுடத் தயாராகத் தோட்டா நிற்கும் இடத்தில், எதுவும் இல்லை என்று இரண்டு தடவை பார்த்தாய், பெட்டியில் வைத்துப் பூட்டிச் சாவியைப் பையில் போட்டாய். அதற்கு அப்புறம்தான் தண்ணீர் கேட்டாய். உன் சின்னவள் அதுவரை வாசற்படியிலேயே நின்றாள், உள்ளே வரவில்லை. அப்படிப் பழக்கியிருக்கிறாய். வருகிறவர்கள் எல்லோரும் உன்னைப் போல இருந்தால் எனக்கு என்ன பயம்? ஆனால் ஒருவருக்கு இந்தப் பழக்கம் இருக்கிறதா என்று எந்த அடையாள அட்டையைப் பார்த்து நான் தெரிந்துகொள்வது?

ராத்திரிப் பயணம்தான் உன் கவலை என்றால் கடைசி ராத்திரி வர்ஜீனியாவில் ரோனோக் பக்கம் தங்கிக்கொள். காலையில் சீக்கிரம் கிளம்பினால் மேரிலாண்டு, நியூ ஜெர்சி எல்லாம் வெளிச்சத்திலேயே வந்துவிடும். ஹோட்டல் செலவு என்னுடையது. எந்தத் தேதி என்று மட்டும் எழுது, இன்றைக்கே அறை போட்டுவிடுகிறேன்.

அன்புடன்,
ரவி