கதியால் வேலியை வெட்டிவிட்டு இயற்கை விவசாயமா?

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். யாழ்ப்பாணத்து நீர்வேலியில் நாலு பரப்புக் காணியில் வாழையும் இரண்டு பரப்பில் வெங்காயமும் செய்கிற பெண் நான். இயற்கை விவசாயம், பெர்மாகல்ச்சர் (மரம், ஆடு, கிணறு எல்லாம் ஒன்றையொன்று தாங்கும்படி வளவைத் திட்டமிடுகிற முறை) என்ற பேச்சு இப்போது எங்கள் பக்கமும் அடிபடுகிறது. கேட்கச் சந்தோசம். ஆனால் பேசுகிற பலர் அதைப் போத்தலில் வாங்கித் தெளிக்கிற மருந்து போல நினைக்கிறார்கள். போன மாதம் வாழை பார்க்க வந்த ஒரு தம்பி, "எந்தத் திரவம் அடிக்கிறீங்கள் அக்கா?" என்றுதான் முதலில் கேட்டார். நான் அவரைக் கூட்டிக்கொண்டு போய், கதியால் நட்டு, அதாவது உயிர்த்தடிகளை ஊன்றி வளர்த்த என் வேலியைக் காட்டினேன்.

2021 மே மாதம் இலங்கை அரசாங்கத்தார் இரசாயனப் பசளை இறக்குமதியை ஒரேயடியாக நிறுத்தினார்கள். நவம்பரில் தடையை எடுத்தார்கள். அந்த இடைவெளியில் என் வெங்காயம் சுண்டைக்காய் அளவிலேயே நின்றுவிட்டது. அன்றிலிருந்து சேதனப் பசளை, அதாவது இயற்கை உரம் என்றாலே ஊர்ச்சனம் முகத்தைத் திருப்பிக்கொள்கிறது. அவர்களில் பிழை இல்லை. பல வருடமாக யூரியாவில் பழகிய மண்ணை ஒரே நாளில் கைவிட்டால் அது வேறு என்ன செய்யும்?

இயற்கை வேளாண்மையைச் சொன்ன ஜப்பானிய விவசாயி மசானபு ஃபுகோகாவுக்கே இது நடந்திருக்கிறது. பயிர் நோய் படித்தவர், யோகோஹாமா சுங்கத்தில் செடிகளைப் பரிசோதித்த வேலையை விட்டுவிட்டு ஷிகோகு தீவிலுள்ள தன் ஊருக்குப் போனார். இயற்கை பார்த்துக்கொள்ளும் என்று அப்பாவின் தோடை மரங்களைக் கவ்வாத்துப் பண்ணாமல் விட்டார். கிளைகள் ஒன்றோடொன்று சிக்கி, பூச்சி விழுந்து, மரங்கள் பட்டுப்போயின. காலம் காலமாகக் கத்தி பட்ட மரத்தைத் திடீரென்று விடுவது இயற்கை இல்லை, கைவிடுவது என்று அவர் அதிலிருந்துதான் படித்தார். உழாதே, உரம் போடாதே, களை பிடுங்காதே, மருந்து அடிக்காதே என்ற அவருடைய நாலு சொல்லுக்கும் பின்னால் பல வருடப் பார்வை இருக்கிறது. நெல் வெட்டும் முன்னரே அதற்குள் பார்லி விதைத்து, வெட்டிய வைக்கோலை நறுக்காமல் கண்டபடி வீசிவிடுவார். ஒழுங்காக அடுக்கினால் முளை மேலே வராது. இந்த ஒரு விசயத்தைக் கண்டுகொள்ளவே ஒரு மனிதர் எவ்வளவு நேரம் வயலில் குந்தியிருந்திருக்க வேண்டும்!

1978-இல் அவுஸ்திரேலியாவின் தாஸ்மேனியாவில் பில் மொலிசனும் டேவிட் ஹோம்கிரெனும் பெர்மாகல்ச்சர் என்ற பெயரில் ஒரு புத்தகம் வெளியிட்டார்கள். தங்களுடைய அடிப்படைக் கருத்தை ஃபுகோகாதான் நன்றாகச் சொல்லியிருக்கிறார் என்று மொலிசனே பிறகு எழுதினார். என் அனுபவத்தில் இரண்டும் ஒன்றையொன்று இப்படித்தான் தாங்குகின்றன: எந்த வேலையை விடலாம் என்று ஃபுகோகா கேட்கிறார், அந்த வேலை தேவைப்படாதபடி மரத்தையும் ஆட்டையும் கிணற்றையும் எங்கே வைப்பது என்று பெர்மாகல்ச்சர் கேட்கிறது. இரண்டாவது கேள்விக்கு எங்கள் வளவுகள் ஒருகாலத்தில் பதில் வைத்திருந்தன. கிணற்றடியில் குளித்த தண்ணீர் வாழைக்கும் கமுகுக்கும் போகும். குசினிக்குப் பின்னால் முருங்கையும் கறிவேப்பிலையும். ஆட்டுக்கொட்டில் வேலியோரம். சுற்றிவரப் பூவரசும் கிளுவையும் சீமைக்கிளுவையும்.

எங்கள் அப்பு மாரிக்கு முன்னர் கொக்கத்தடியோடு வேலிக்குப் போனால் வளவு முழுக்கக் குழை (இலைதழை) விழும். இளம் குழை ஆட்டுக்கு, மிச்சம் தறையில் (தோட்ட நிலத்தில்) கிடங்கு வெட்டித் தாட்பதற்கு. தடி வேலி அடைப்புக்கு. போதாத குழை தென்மராட்சியிலிருந்து வண்டிலில் வரும். பசளைக் கடை என்று ஒன்று அவருக்குத் தெரியாது.

ஷிகோகுவில் வருடம் முழுக்க மழை உண்டு. எங்களுக்கு ஐப்பசி தொடங்கி மார்கழி வரைதான், பிறகு இறைப்பு. அதனால் அவருடைய முறையை அப்படியே கொண்டுவர முடியாது. வெங்காயத் தறையை நான் இப்போதும் கொத்தித்தான் நடுகிறேன். ஆனால் வாழைக்குள் மூன்று வருடமாக மண்வெட்டி படவில்லை. வைக்கோலுக்குப் பதில் காவோலையும் (காய்ந்த பனையோலை) பூவரசங் குழையும் போடுகிறேன். சித்திரை வெயிலில் அந்தக் காவோலையைத் தூக்கிப் பார்த்தால் கீழே கறையான் அரித்த துகள், அதற்குக் கீழே கை வைத்தால் குளிர்கிற செம்மண், விரல் நுழைந்தால் மண்புழு. நாலு நாளுக்கு ஒருக்கால் இறைத்த தோட்டத்துக்கு இப்போது எட்டு நாளுக்கு ஒருக்கால் இறைக்கிறேன்.

இது தண்ணீர்க் காரியமும்தான். எங்களுக்கு வருடம் முழுக்க ஓடுகிற ஆறு இல்லை. சுண்ணாம்புக்கல்லுக்குள் கடல்நீருக்கு மேல் மிதக்கிற மழைத்தண்ணீர்தான் எல்லாக் கிணற்றிலும். அளவுக்கு மிஞ்சி இறைத்தால் உப்பு ஏறும். தறையில் கொட்டுகிற யூரியா கல் வெடிப்பு வழியாக நைத்திரேற்றாக இறங்கும். குடிதண்ணீரில் அது லீட்டருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் போகக் கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது, முக்கியமாகப் பால்குடிப் பிள்ளைகளுக்காக. தோட்டக் கிணறும் குடிக்கிற கிணறும் எங்களுக்கு ஒரே தண்ணீர்தானே.

இப்போது வெளிநாட்டுக் காசு வந்ததும் முதலில் விழுவது வேலி. எங்கள் ஒழுங்கையில் மட்டும் ஐந்து வருடத்துக்குள் ஏழு வளவில் பூவரசைத் தறித்து மதில் கட்டிவிட்டார்கள். பாதுகாப்புக்கு மதில் வேண்டும் என்பது எனக்கு விளங்குகிறது. அப்படியென்றால் மதிலுக்கு உள்ளே ஒரு வரிசை கதியாலாவது நடுங்கள். குழை இல்லாத ஊரில் எந்தப் பயிற்சி வகுப்பு வைத்தும் என்ன பயன்? விவசாயப் பகுதியினரும் உங்கள் பத்திரிகையும் இதைப் பேச வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

வருகிற புரட்டாதிக் கடைசியில் என் வேலியை வெட்டுவேன். கைத் தடிப்பில் பூவரசங் கதியாலும் சீமைக்கிளுவைத் தடியும் நிறைய வரும். முதல் மழையோடு நட்டால் பிழைக்கும். வேண்டியவர்கள் வந்து எடுத்துக்கொண்டு போகலாம், காசு வேண்டாம்.

இப்படிக்கு,
ஒரு தோட்டக்காரி,
நீர்வேலி.